துடிக்கும் தசையும் தீராத ஐயமும்: இளையோரிடம் நரம்பு நோய் அச்சம்

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கொடிய நோய் ஒன்று தம் உடலில் தொடங்கிவிட்டது என்ற அச்சத்தோடு மருத்துவரை நாடும் இருபது, முப்பது வயதினரை நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. இவர்களுள் சிலர் விட்டுவிட்டு வரும் தலைவலியை மூளைக்கட்டி என்று கொள்கின்றனர். சிலர் விரல் நுனிகள் மரத்துப்போவதை, நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறை ஆங்காங்கே சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கருதுகின்றனர். வேறு சிலர் கெண்டைக்காலிலோ கண்ணிமையிலோ தோன்றும் சிறு துடிப்பை இயக்க நரம்பணு நோயின் தொடக்கம் என்று நம்பி, உறக்கமும் வேலையும் கெட்டு, மாதக்கணக்கில் அந்த நினைவிலேயே உழல்கின்றனர். மூன்று அச்சங்களுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே எனினும், மூன்றாவது வகையில் உடலின் பங்கும் மனத்தின் பங்கும் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதாலும், அதைப் பற்றிய மருத்துவ ஆய்வுகள் தெளிவாக இருப்பதாலும், இக்கட்டுரை அதனையே நடுவாகக் கொள்கிறது. இந்த அச்சத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. நோய் உண்டா என்பது முதலாவது. இல்லை என்று விடை கிடைத்த பின்னும் அதை ஏற்க முடியாமற்போவது ஏன் என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கும் முதலாவதற்குரிய கருவிகளைக் கொண்டே விடை தேடுவதால்தான், நோயாளி, மருத்துவர், குடும்பத்தார் ஆகிய மூவரின் முயற்சியும் வீணாகிறது.

இயக்க நரம்பணுக்கள் என்பவை மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு இயக்க ஆணைகளைக் கொண்டுசெல்லும் நரம்பணுக்கள். இவை படிப்படியாக அழிந்து, தசைகள் வலுவிழந்து மெலிந்து, பேச்சும் விழுங்குதலும் தடைப்பட்டு, இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோவதே இயக்க நரம்பணு நோய். இதன் மிகப் பரவலான வடிவத்தைப் பாரிசில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ 1869 முதல் விவரித்து, 1874இல் அதற்குப் பெயரும் சூட்டினார், ஏ.எல்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அது இன்று அறியப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இது புதிதாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே தொடங்குகிறது. நாற்பதுக்கு உட்பட்டோரிடம் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் என்ற அளவைக் காட்டிலும் மிகக் குறைவாகவே காணப்படுகிறது. அறிகுறி தோன்றியபின் பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர். 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் என்னும் மருந்து ஆயுளைச் சில மாதங்களே நீட்டிக்கிறது.

இளம் மனத்தின் அச்சம் இந்த நோயையே தேடிப் பற்றிக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. பலரிடம் அறிவும் உணர்வும் பெரிதும் தெளிவாக இருக்க உடல் மட்டும் செயலிழக்கிறது என்ற செய்தி, வேறெந்த நோயும் எழுப்பாத ஒரு திகிலை எழுப்புகிறது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல் இந்த நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 21 என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவர் அதற்குப்பின் 55 ஆண்டுகள் வாழ்ந்தது எவ்வளவு விதிவிலக்கோ, அந்த வயதில் நோய் வந்ததும் அவ்வளவு விதிவிலக்கு என்பது மட்டும் நினைவில் நிற்பதில்லை. 2014இல் உலகெங்கும் பரவிய பனிநீர் வாளி அறைகூவல் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கும் மேல் திரட்டித் தந்தது. அப்பணம் நோயின் மரபணுக் காரணங்களைக் கண்டறியும் ஆய்வுகளுக்கு உதவியது பெருநன்மை. அதே வேளையில், அதுவரை பெரும்பாலும் மருத்துவ நூல்களுக்குள் இருந்த நோய் ஒன்றின் பெயரும் முகமும் கோடிக்கணக்கான இளைஞர்களின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தன. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாக மனிதர் மதிப்பிடுகின்றனர் என்று டிவெர்ஸ்கியும் கானமனும் 1973இல் நிறுவிய உளவியல் உண்மை இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: இந்த நோய் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லும் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும், தசைக்குள் நுண்ணூசியைச் செலுத்தி அதன் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. சோதனையும், காலப்போக்கில் ஏற்படும் மாற்றமுமே முடிவைத் தருகின்றன. ஐயத்துக்கு இடம் தேடும் மனத்துக்கு இந்த அமைப்பு போதும்.

அச்சத்தின் தொடக்கப்புள்ளியாக அமையும் தசைத் துடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஓர் இயக்க நரம்பணுவும் அது இயக்கும் தசையிழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு எனப்படும். மூளையின் ஆணை ஏதுமின்றி, நரம்பின் கிளைநுனிகளிலோ அதன் வேறு பகுதியிலோ தானாக ஒரு மின்துடிப்பு எழுந்தால், அந்த அலகின் இழைகள் அனைத்தும் ஒருசேரச் சுருங்குகின்றன. தோலுக்கடியில் ஏதோ நெளிவதுபோல் கண்ணுக்குத் தெரிவது இதுவே. இயக்க நரம்பணு நோயில் இத்துடிப்புகள் மிகுதி என்பது உண்மை. ஆனால் நலமான நரம்பும் இதைச் செய்கிறது: கடும் உடற்பயிற்சி, தூக்கக்குறைவு, மிகுதியான காப்பி, அளவுமீறிச் சுரக்கும் தைராய்டு, சில மருந்துகள் ஆகியவை நரம்பு நுனிகளை எளிதில் கிளர்ச்சியுறச் செய்கின்றன. டென்னி பிரவுனும் ஃபோலியும் 1948இலேயே நோயற்றவர்களிடம் காணப்படும் தீங்கற்ற துடிப்பைப் பற்றி எழுதினர். 1963இல் ரீடும் கர்லண்டும் மருத்துவத் துறையில் பணியாற்றிய நலமானவர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தமக்கு எப்போதாவது துடிப்பு ஏற்பட்டதுண்டு என்றனர். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், துடிப்பைத் தவிர வேறு குறைபாடு காணப்படாத 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து 1993இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவருக்கும் இயக்க நரம்பணு நோய் வரவில்லை. மிகச் சில நோயாளிகளிடம் தசைப்பிடிப்பும் துடிப்பும் மற்ற அறிகுறிகளுக்கு முன்னதாக வந்ததாகப் பிற்காலக் குறிப்புகள் உள்ளன என்பதால், மருத்துவர்கள் தேவையெனத் தோன்றினால் சில மாதங்கள் கழித்து ஒருமுறை மீண்டும் பரிசோதிக்கின்றனர். இந்த விதிவிலக்கை மறைப்பதால் பயனில்லை. அச்சமுற்றவர் அதை எப்படியும் தாமே தேடிக் கண்டுபிடித்து, தம்மிடம் மறைக்கப்பட்டது என்ற புதிய ஐயத்தையும் சேர்த்துக்கொள்வார்.

வேறுபடுத்தும் அளவுகோல் துடிப்பு அன்று. வலுவிழப்பும் தசை மெலிவுமே. இயக்க நரம்பணு நோயுற்றவர் பெரும்பாலும் துடிப்பைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பாதம் தொங்கித் தரையில் இடறுகிறது, சொல் குழறுகிறது என்று வருகிறார். துடிப்பை மருத்துவரே முதலில் கவனிப்பதும் உண்டு. அச்சமுற்றவரோ கை வலுவிழந்ததுபோல் உணர்கிறார், ஆயினும் அக்கையால் எல்லா வேலைகளையும் செய்கிறார். உணரப்படும் சோர்வுக்கும் செயலில் வெளிப்படும் இயலாமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மருத்துவர் நோயாளிக்கு நிதானமாக விளக்கினால், அது பத்துப் பரிசோதனை அறிக்கைகளைவிடக் கூடுதல் பயன் தரக்கூடியது.

அச்சமே அறிகுறியை உண்டாக்கும் வழியும் தெளிவானது. பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது; அதனால் இரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடி, நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தின் செயல்படு பங்கு குறைகிறது; விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பும், தசைகளில் துடிப்பும் தோன்றுகின்றன. இரவு உறக்கம் கெட்டால் மறுநாள் துடிப்பு இன்னும் கூடுகிறது. ஆகவே, தமக்கு ஏற்படும் துடிப்பு கற்பனை என்று யாரேனும் சொன்னால் அச்சமுற்றவர் அதை நம்ப மறுப்பது முற்றிலும் நியாயமே. துடிப்பு மெய்யானது, அதற்கு அவர் தரும் பொருள்தான் பிழையானது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தவறியதாலேயே எத்தனையோ மருத்துவ உரையாடல்கள் முதல் ஐந்து நிமிடங்களில் முறிந்துபோயிருக்கின்றன.

இளையோருக்கு இந்நோய் வரவே வராது என்று சொல்லிவிட முடியாத ஒரு நிலை தென்னிந்தியாவில் உண்டு என்பதையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். சென்னையில் இளம் வயதினரிடம் காணப்பட்ட இயக்க நரம்பணு நோயின் தனிப்போக்கை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970இல் விவரித்தனர். உலக மருத்துவ நூல்களில் அது மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே வழங்குகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் இந்த நோயில் கைகால் தசைகள் மெலிவதோடு முகத் தசைகளும் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டு, செவிப்புலனும் குறைகிறது, ஆனால் ஏ.எல்.எஸ். போலன்றி இது மிக மெதுவாக நகர்வது. 1959இல் ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா விவரித்த மற்றொரு நிலை, பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்களிடம் ஒரு கையின் உள்ளங்கைத் தசைகளையும் முன்கைத் தசைகளையும் மெலியச் செய்து, சில ஆண்டுகளில் தானாகவே நின்றுவிடுகிறது. கழுத்தை முன்னோக்கி வளைக்கும்போது தண்டுவடம் அழுத்தப்படுவது இதற்குக் காரணமெனக் கொள்ளப்படுவதால், கழுத்துப்பட்டை அணிவிப்பது ஒரு சிகிச்சையாக உள்ளது. ஒரே கையோ காலோ மெலியும் இத்தகைய நிலையைப் பெங்களூரிலிருந்து கௌரிதேவியும் உடன் பணியாற்றியோரும் 1984இல் விவரித்தனர். இவை அரியவை, கண்ணால் காணத்தக்க மெலிவோடு வருபவை, உடலெங்கும் இடம் மாறி மாறித் துடிக்கும் அனுபவத்தோடு இவற்றுக்கு ஒப்புமை இல்லை. எனினும், இந்த வயதில் இதெல்லாம் வராது என்று தமிழக மருத்துவர் ஒருவர் கைவிரித்துச் சொல்லிவிடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நோயாளிக்கும் உதவாது. வலிமையை முறையாகச் சோதித்து, நாவையும் கைகளையும் பார்த்து, எதிர்வினை இயக்கங்களைத் தட்டிப் பார்த்து, என்ன பார்த்தோம், என்ன காணவில்லை என்று சொல்வதே முதல் கேள்விக்கு உரிய விடை. அந்த விடை ஒருமுறை முழுமையாகத் தரப்பட வேண்டும். அரைகுறையாகப் பலமுறை தரப்படுவது அச்சத்துக்கே உரமாகிறது.

அதற்குப் பின்னும் அச்சம் நீடிக்குமானால் இரண்டாம் கேள்வி தொடங்குகிறது. கடும் நோய் இருப்பதாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கவலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, உடல் அறிகுறி பெரிதாக இருப்பவர், இல்லாதவர் என்ற அடிப்படையில் இரு நிலைகளாகப் பிரித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பு, இதனை எண்ணச் சுழற்சி நோய்களின் குடும்பத்தில் சேர்த்தது. கதவைப் பூட்டினோமா என்ற ஐயத்தால் திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பவரின் நிலையும், தசை மெலிந்துவிட்டதா என்று மீண்டும் மீண்டும் அளந்து பார்ப்பவரின் நிலையும் ஒன்றே என்ற புரிதல் இந்த மாற்றத்தில் உள்ளது. சிகிச்சையின் திசையையும் அதுவே காட்டுவதால் பின்னையதே பொருத்தமான பகுப்பெனத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 2007இல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலைக்கு ஆளானோர் 5.7 விழுக்காட்டினர். பிரிட்டனில் பீட்டர் டைரர் குழுவினர் மருத்துவமனைப் பிரிவுகளில் ஆய்ந்தபோது, மிகுதியான நோய் அச்சம் கொண்டோரின் பங்கு நரம்பியல் பிரிவிலேயே உயர்ந்திருந்தது. அங்கு வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்நிலையில் இருந்தனர்.

சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் ஆகிய இரு பிரிட்டானிய ஆய்வாளர்கள் 1986 முதல் வளர்த்தெடுத்த விளக்கமே இன்றைய சிகிச்சைகளுக்கு அடித்தளம். உடலின் இயல்பான அசைவு ஒன்றைக் கொடிய நோயின் அடையாளமாகப் பொருள்கொள்ளும்போது பதற்றம் எழுகிறது; பதற்றம் கவனத்தை அந்த உறுப்பின்மேல் நிறுத்துகிறது; கவனம் நின்ற இடத்தில் அதுவரை உணரப்படாத உணர்வுகளும் புலப்படுகின்றன; அவற்றைச் சோதித்துப் பார்ப்பதாலும் பிறரிடம் கேட்டு உறுதி பெறுவதாலும் சிறிது நேரம் ஆறுதல் கிடைக்கிறது; அந்த ஆறுதலே அடுத்த முறையும் சோதிக்கத் தூண்டுகிறது. நரம்பு நோய் அச்சத்தில் இச்சோதனைகள் ஒரு தனி வடிவம் பெறுகின்றன. குதிகாலால் நடப்பது, ஒற்றைக் காலில் குதிப்பது, இரு கைகளின் பெருவிரல் மேடுகளையும் ஒப்பிடுவது, கெண்டைக்காலை நாடாவால் அளப்பது, கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பது ஆகியவை நாள்தோறும் பலமுறை நிகழ்கின்றன. இவை ஒவ்வொன்றும் பிழையான விடையைத் தரும் தன்மை கொண்டவை: ஓயாது சோதிக்கப்படும் தசை களைத்துத் துடிக்கிறது, வலக்கை பழக்கமுள்ளவரின் இரு கைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை, நீட்டிய நாக்கு நலமானவரிடமும் நடுங்குகிறது என்பதால்தான் மருத்துவர்கள் அதை வாய்க்குள் ஓய்ந்திருக்கும் நிலையில் பார்க்கின்றனர். இந்த விவரம் தெரியாமல் கண்ணாடியின் முன் நின்ற இளைஞர் ஒருவர் அன்றிரவு படும் வேதனையின் அளவை, நோயுற்றவரின் வேதனையோடு ஒப்பிட்டுக் குறைத்து மதிப்பிடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அறியாமையே இந்த அச்சத்தின் வேர் என்ற பொதுக் கருத்து உண்மையன்று. மேயோ ஆய்வில் இடம்பெற்றோருள் மருத்துவத் துறையினர் கணிசமாக இருந்தனர். ஆஸ்திரேலிய நரம்பியலாளர்கள் சைமனும் கீர்னனும் 2013இல் எழுதிய கட்டுரை, தமக்கு வந்த துடிப்பைக் கண்டு நடுங்கிய மருத்துவர்களைப் பற்றியதே. மருத்துவ மாணவர்கள் தாம் படிக்கும் நோயெல்லாம் தமக்கிருப்பதாக எண்ணுவர் என்ற செய்தி 1960களில் ஆய்வுகளாக வெளிவந்து நிலைபெற்றது. ஆனால் பிற்காலத்தில் சட்ட மாணவர்களோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆய்வு, மருத்துவ மாணவர்களிடம் அச்சம் தனியாக மிகுந்திருக்கவில்லை என்று காட்டியது. அறிவு அச்சத்தை உண்டாக்குவதுமில்லை, தீர்ப்பதுமில்லை. அது அச்சத்துக்கு ஒரு பெயரைக் கொடுக்கிறது. இணையத் தேடல் இந்தப் பெயரிடும் வேலையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வைட், ஹார்விட்ஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தலைவலி, மார்புவலி, தசைத் துடிப்பு என்ற மூன்று எளிய அறிகுறிகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தேடுவோருக்குக் கிடைக்கும் பக்கங்களில் கொடிய நோய்கள் அவற்றின் உண்மையான நிகழ்தகவுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இடம்பெறுவதைக் காட்டியது. தசைத் துடிப்பைத் தேடியவருக்கு ஏ.எல்.எஸ். உடனே எதிர்ப்பட்டது.

மேலும் மேலும் பரிசோதனை செய்வதால் அச்சம் தீருமா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. லண்டனில் நாள்பட்ட தலைவலியுடைய 150 பேருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் மூளை ஸ்கேன் செய்ய முன்வந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஸ்கேன் செய்யப்பட்டோரின் கவலை மூன்று மாதங்களில் குறைந்திருந்தது, ஓராண்டில் அந்தப் பயன் மறைந்துவிட்டது. கடும் நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளோரிடம் செய்யப்பட்ட பரிசோதனைகளைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ரோல்ஃபும் பர்ட்டனும், அவை கவலையை நீண்ட காலத்துக்குக் குறைப்பதில்லை என்று 2013இல் முடிவுசெய்தனர். இன்னொரு சிக்கலும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடுவயதினரும் முதியோருமான 2,000 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குத் தெரியாமலே சிறு இரத்தக்குழாய் வீக்கம் கொண்டிருந்தோர் 1.8 விழுக்காட்டினராகவும், தீங்கற்ற கட்டி கொண்டிருந்தோர் 1.6 விழுக்காட்டினராகவும் இருந்தனர். இளையோரிடம் இவை குறைவெனினும், தேவையின்றி எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் ஓர் அச்சத்தைத் தீர்க்கப் போய் மற்றோர் அச்சத்தைக் கையில் கொடுத்துவிடக்கூடும். பரிசோதனையே கூடாது என்பது இதன் பொருளன்று. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் பரிசோதனை வேறு, அமைதிக்காகச் செய்யப்படும் பரிசோதனை வேறு என்பதே பொருள்.

தமிழ்ச் சூழலில் இந்த அச்சம் தனக்கென ஒரு பின்புலம் கொண்டிருக்கிறது. உடல் துடிப்பதை வருவது உரைக்கும் குறியாகக் கொள்ளும் மரபு இங்கு மிகப் பழையது; சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. இன்றும் இமை துடித்தால் எந்தக் கண் என்று கேட்காத வீடு குறைவு. இந்த மரபு பெரும்பாலோருக்கு ஒரு நொடி நினைவாகக் கடந்துபோவது, அதனால் தீங்கேதுமில்லை. தீங்கு செய்தது வேறொன்று. நரம்புத் தளர்ச்சி என்ற சொல் கைநடுக்கம், களைப்பு, படபடப்பு, மறதி, ஆண்மைக் குறைவு ஆகிய அனைத்தையும் ஒரே நோயாகக் கட்டிவைத்து, சுவரொட்டிகள் வழியாகவும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்கள் வழியாகவும் பல தலைமுறை இளைஞர்களை அச்சுறுத்தியிருக்கிறது. தம் நரம்புகள் ஏற்கெனவே தளர்ந்துவிட்டன என்ற குற்றவுணர்வோடு வளர்ந்த ஓர் இளைஞருக்கு, கால் துடிப்பதைக் கண்டவுடன் ஆங்கில மருத்துவத்தின் கொடிய பெயர் ஒன்று கிடைக்கும்போது, பழைய அச்சமும் புதிய அச்சமும் இணைந்துவிடுகின்றன.

மருத்துவமனையில் அவருக்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் இரட்டைப் பொருள் கொண்டது. ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் மருத்துவரே நரம்புக்குச் சத்து ஊசி என்று பி12 ஊசிகளை எழுதித் தருகிறார். பி12 குறைபாடு தாவர உணவினரிடையே உண்மையாகவே மிகுதி. இரத்தத்தில் அளந்து பார்த்துக் குறைவெனத் தெரிந்தால் கொடுப்பதே முறை. அளக்காமல் தரப்படும் ஊசியோ, நரம்பில் ஏதோ கோளாறு உண்டு, ஆனால் மருத்துவர் அதைச் சொல்லவில்லை என்ற செய்தியையே அச்சமுற்றவரின் மனத்தில் பதிக்கிறது. வீட்டில் நிலைமை வேறு. தன் கையைப் பிடித்துப் பார்க்கும்படி தாயிடமும், தன் பேச்சு குழறுகிறதா என்று மனைவியிடமும் ஒரே நாளில் பலமுறை கேட்கும் ஒருவருக்கு அவர்கள் அன்பினால் திரும்பத் திரும்ப உறுதி சொல்கின்றனர். சலிப்பு மேலிடும்போது வேறு வேலை இல்லையா என்று கடிந்துகொள்கின்றனர். இரண்டும் சுழற்சியை நிறுத்துவதில்லை. கேள்விக்கு விடை சொல்லாமல், கேட்பவரின் பயத்தை ஏற்றுக்கொண்டு உடனிருப்பது எப்படி என்பதைக் குடும்பத்தாருக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

சிகிச்சையில் மிகுந்த சான்று பெற்றது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நோயில்லை என்று வாதிட்டு மெய்ப்பிக்க அது முயல்வதில்லை. அறிகுறிக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம், ஒன்று கொடிய நோய், மற்றொன்று நோயைப் பற்றிய அச்சம் என்று வைத்துக்கொண்டு, எந்த விளக்கம் நாள்தோறும் கிடைக்கும் சான்றுகளுக்குப் பொருந்துகிறது என்று நோயாளியே சோதித்துப் பார்க்க அது உதவுகிறது. பாதத்தின் மீது ஐந்து நிமிடம் முழுக் கவனத்தையும் வைத்து அங்கு என்னென்ன உணர்வுகள் தோன்றுகின்றன என்று குறிக்கச் சொல்வது ஒரு பயிற்சி. கவனமே உணர்வைப் பெருக்குவதை அவர் தம் உடலிலேயே காண்கிறார். அடுத்து, தசையை அளப்பது, கண்ணாடி பார்ப்பது, இணையத்தில் தேடுவது, பிறரிடம் உறுதி கேட்பது ஆகியவை படிப்படியாக நிறுத்தப்படுகின்றன. நிறுத்திய முதல் நாட்களில் பதற்றம் கூடும் என்பது முன்னதாகவே சொல்லப்படுகிறது. டைரர் குழுவினர் 444 பேரிடம் நடத்தி 2014இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் பத்து அமர்வுகளே கொண்ட இச்சிகிச்சையைப் பெற்றோரில் ஓராண்டில் இயல்பான நிலையை அடைந்தோர் 14 விழுக்காட்டினர், வழக்கமான கவனிப்பைப் பெற்றோரில் 7 விழுக்காட்டினர். இந்த எண் சிறிது என்பதை மறைக்கத் தேவையில்லை; முழுமையாக விடுபடாத பலரிடமும் அச்சத்தின் அளவு குறைந்தது என்பதும், அந்தப் பயன் ஐந்தாண்டுகள் கழித்தும் நீடித்தது என்பதும் அதனுடன் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. அச்சிகிச்சையைச் சிறப்பாக அளித்தவர்களில் உளவியலில் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற செவிலியர்களும் இருந்தனர் என்பது உளவியலாளர்கள் அரிதாக உள்ள நாடுகளுக்கு மிக முக்கியமான செய்தி. மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருளின் செயலை நீட்டிக்கும் ஃபுளூவாக்சடின் போன்ற மருந்துகளும் பயன் தருகின்றன. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எளிதாக எழுதப்படும் டயசிபாம் வகை மருந்துகள் சில நாள் அமைதிக்குப்பின் பழக்கத்தை உண்டாக்குவதால், அவை நீண்ட காலச் சிகிச்சையாகா.

இந்த அச்சத்தைச் சிறு பலவீனமாகக் கருதிப் புறக்கணிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நோய் அச்ச நிலை கண்டறியப்பட்ட 4,129 பேரை, அவர்களுக்கு இணையான பொதுமக்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 2023 இறுதியில் வெளியானது. எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு அவர்களிடம் 84 விழுக்காடு கூடுதலாகவும், தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்தன. சாவுக்கு அஞ்சியே வாழ்ந்தவர்கள் முன்னதாக இறந்தனர் என்பதில், நீடித்த மனவழுத்தமும், உறுதி கேட்டுக் கேட்டு ஒருநிலையில் எவராலும் செவிமடுக்கப்படாமற்போனதும் பங்கு கொண்டிருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலச் சிக்கல்களுடையோரில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. நரம்பு நோய் அச்சமுடையவர்களோ மருத்துவரிடம் வராதவர்கள் அல்லர். மீண்டும் மீண்டும் வருபவர்கள். அவர்கள் வருவது மனநலப் பிரிவுக்கு அல்ல, நரம்பியல் பிரிவுக்கு என்பதால், சிகிச்சையும் அங்கேயே தொடங்க வேண்டும்: முழுமையான ஒரு பரிசோதனை, கண்டதைத் தெளிவாகச் சொல்லும் ஓர் உரையாடல், தேவையெனில் குறித்த தேதியில் மறுபரிசோதனை, அதே கட்டடத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரோடு சில அமர்வுகள். மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்று சீட்டு எழுதித் தருவதைத் தம்மை நம்பவில்லை என்பதற்கான சான்றாகவே கொள்ளும் ஒருவர், தம் நரம்பியல் மருத்துவரே அறிமுகம் செய்துவைக்கும் செவிலியரிடம் பேச மறுப்பதில்லை. இந்த ஏற்பாடு வரும்வரை, இரவில் உறக்கமின்றித் தவிப்பவர்களும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுபவர்களும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். புதிதாக ஒரு கை வலுவிழந்தாலோ, தசை கண்ணுக்குத் தெரிய மெலிந்தாலோ, பேச்சோ விழுங்குதலோ மாறினாலோ, முன்பு எத்தனை முறை ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டிருந்தாலும் மருத்துவரிடம் தயங்காமல் செல்ல வேண்டும்.